பம்பாய்த் துணியாலைகளின் மூடலும் தொழிலாளர் சொற்களும்

1. முன்னுரை

தொழிற்சாலை மூடல் என்பது பொருளியலார்க்கு முதலீடு, போட்டி, உற்பத்திச் செலவு ஆகியன பற்றிய செய்தி; சட்டவியலார்க்கு உரிமையும் இழப்பீடும் பற்றிய வழக்கு. மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் அது மற்றொரு வகையில் ஆராயத்தக்கது. ஆலை நின்றது என்னும் ஒரே நிகழ்ச்சியை முதலாளி ஒரு சொல்லாலும், அரசு ஒரு சொல்லாலும், நீதிமன்றம் ஒரு சொல்லாலும், தொழிலாளி ஒரு சொல்லாலும் குறித்துள்ளனர். இவற்றுள் எச்சொல் ஏற்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே தொழிலாளிக்குக் கிடைப்பது எவ்வளவு, கிடைக்குமா என்பன முடிவாயின. பம்பாய் நகரத்துத் துணியாலைகளின் வரலாறு இதற்குத் தெளிவான சான்று. (1995இல் அந்நகரின் அலுவல்முறைப் பெயர் மும்பை என மாற்றப்பட்டது, அதற்கு முற்பட்ட செய்திகளில் பழைய பெயரே இங்கு ஆளப்படுகிறது.)

2. கிரண்காவ்: ஆலையூரின் தோற்றம்

காவஸ்ஜி நானாபாய் தாவர் என்னும் பார்சி வணிகர் 1854இல் நிறுவிய நூற்பாலை, 1856இல் தார்தேவ் பகுதியில் இயங்கத் தொடங்கியது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்துப் பருத்தி வாணிபத்தில் திரண்ட செல்வமும், சீனத்துக்கு நூல் ஏற்றுமதி செய்யும் வாய்ப்பும் அடுத்த முப்பது ஆண்டுகளில் ஆலைகளைப் பெருக்கின. பரேல், லால்பாக், லோயர் பரேல், வொர்லி, பைகுலா, சேவ்ரி ஆகிய பகுதிகள் சேர்ந்து ‘கிரண்காவ்’ எனப் பெயர் பெற்றன. மராத்தியில் ‘கிரணி’ என்பது ஆலை. ‘காவ்’ என்பது ஊர். மாவரைக்கும் எந்திரத்துக்கும் மராத்தியில் ‘கிரணி’ என்பதே பெயர். தமிழில் ‘ஆலை’ என்னும் சொல் கரும்பு பிழியும் பொறியைக் குறித்துப் பின்னர்ப் பெருந்தொழிற்கூடத்தைக் குறிக்குமாறு விரிந்ததும் இதனோடு ஒப்பு நோக்கத்தக்கது. இரு மொழிகளும் புதிய பெருந்தொழிலுக்குப் பழைய உணவுப்பொறியின் பெயரையே வழங்கின.

பெருநகரின் நடுவிலிருந்த ஒரு பகுதி ‘ஊர்’ எனப்பட்டதற்குக் காரணம் உண்டு. தொழிலாளருள் மிகப் பலர் கொங்கணக் கரையின் ரத்னாகிரி மாவட்டத்திலிருந்தும், மலைத்தொடருக்கு அப்பாலுள்ள சாதாரா, கோலாப்பூர் முதலிய பகுதிகளிலிருந்தும் வந்தவர்கள். ஐக்கிய மாகாணத்து நெசவாளரும், தெலுங்கு பேசும் பத்மசாலியரும் அவர்களோடு சேர்ந்தனர். ஓர் ஊரார் சேர்ந்து ‘சால்’ எனப்படும் வரிசைக் குடியிருப்பில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, பகல்முறையில் வேலை செய்வோர் இரவிலும் இரவுமுறையில் வேலை செய்வோர் பகலிலும் உறங்குவர். குடும்பமும் சிறு நிலமும் ஊரிலேயே இருந்தன. ஆலையில் வேலையில்லாதபோது ஊர் தாங்கியது. ஊரில் மழை பொய்த்தபோது ஆலைக்கூலி தாங்கியது. இவ்விரட்டைப் பிணைப்பை உணராமல் 1982க்குப் பின் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இயலாது.

இச்சமூகத்தின் உணவு ‘கானாவள்’ எனப்படும் வீட்டு உணவகங்களைச் சார்ந்திருந்தது. தொழிலாளர் குடும்பப் பெண்கள் தம் அறையிலேயே சமைத்துப் பத்து, இருபது பேர்க்கு மாதக் கணக்கில் உணவளித்தனர். கூலி நின்றால் இவர்களுக்கு வரவும் நின்றது. 1975இல் பிரேமா புராவ் தொடங்கிய அன்னபூர்ணா மகிளா மண்டல் இப்பெண்களை ஒருங்கிணைத்து வங்கிக்கடன் பெற வழி செய்தது. ஆலைச் சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாத இவர்களும் ஆலைப் பொருளாதாரத்தின் உறுப்பினர்களே.

3. பதிலி

கிரண்காவின் சொற்களுள் மிகுந்த கவனத்துக்குரியது ‘பத்லி’ என்பதாகும். நிலையான தொழிலாளி வராத நாளில் அவருடைய இடத்தில் வேலை செய்பவர் ‘பத்லி’. மாற்று என்னும் பொருளுடைய ‘பதல்’ என்ற அரபுச் சொல் இதன் அடிப்படை. தமிழ்ப் ‘பதில்’ என்பதும் உருது வழியாக இம்மூலத்திலிருந்தே வந்ததாகக் கருதப்படுகிறது. ஆகவே ‘பதிலித் தொழிலாளி’ என்னும் தமிழ்த் தொடர் மொழிபெயர்ப்பாகத் தோன்றினும் மூலச்சொல்லுக்கு உறவுடையதே.

பதிலிகள் ஒவ்வொரு முறையின் தொடக்கத்திலும் ஆலைவாயிலில் காத்து நிற்பர். யாரை உள்ளே எடுப்பது என்பதை ‘ஜாபர்’ எனப்பட்ட மேலாள் தீர்மானித்தார். தமிழகத்து ஆலைகளில் மேஸ்திரிக்கு இருந்த அதிகாரத்தை ஒத்தது இது. பெண்கள் வேலை செய்த நூல் சுற்றும் பிரிவுகளில் இவ்விடத்தை ‘நாயகீண்’ வகித்தார். ஜாபரின் அதிகாரத்தைக் குறைக்க 1935இல் ஆலை முதலாளிகள் சங்கம் பதிலிகளுக்கு அட்டை வழங்கும் முறையைக் கொண்டுவந்தது. எனினும் பல ஆண்டுகள் உழைத்தும் நிலைபெறாத பதிலிகள் இறுதிவரை இருந்தனர். தொழிலாளர் எனப்பட்டோர்க்குள்ளேயே வேலை உடையவர், வேலைக்குக் காத்திருப்பவர் என்னும் பிரிவு இருந்தது. ‘பத்லி’ என்ற சொல் அப்பிரிவின் பெயர்.

பெண்களின் நிலையும் இங்கு நினைக்கத்தக்கது. 1920களில் பம்பாய் ஆலைத் தொழிலாளருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பெண். இரவுவேலைத் தடை, 1929ஆம் ஆண்டின் பம்பாய் மகப்பேற்று நலச் சட்டம் சுமத்திய செலவைத் தவிர்க்க முதலாளிகள் காட்டிய விருப்பம், எந்திரச் சீரமைப்பு ஆகியவற்றால் அவர்களின் பங்கு படிப்படியாகக் குறைந்து 1970களில் மிகச் சிறியதாயிற்று. ஆலைகள் மூடப்படுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே பெண்களுக்கு அவை மூடத் தொடங்கிவிட்டன. இதற்குத் தனிப்பெயர் எதுவும் வழங்கவில்லை.

4. 1982: முடிவு அறிவிக்கப்படாத வேலைநிறுத்தம்

1928இல் ஆறு மாதம் நீடித்த பொது வேலைநிறுத்தமும், அவ்வாண்டு தோன்றிய கிர்ணி காம்கார் சங்கமும் கிரண்காவை இந்தியத் தொழிலாளர் இயக்கத்தின் முதன்மை இடங்களுள் ஒன்றாக்கின. பின்னர் 1946ஆம் ஆண்டின் பம்பாய்த் தொழிலுறவுச் சட்டம், ஒரு தொழிலில் ஒரு சங்கத்தை மட்டும் ‘பிரதிநிதிச் சங்கம்’ என ஏற்கும் முறையை வகுத்தது. துணியாலைகளில் அவ்விடம் ராஷ்டிரிய மில் மஸ்தூர் சங்கத்துக்குக் கிடைத்தது. தொழிலாளர் வேறொரு தலைமையை விரும்பினாலும், பேச்சுவார்த்தைக்கு உரியவர் அச்சங்கத்தாரே என்பது சட்டநிலை.

1981இன் இறுதியில் போனஸ் பற்றி எழுந்த பூசலின்போது தொழிலாளர் பலர் மருத்துவரும் தொழிற்சங்கத் தலைவருமான தத்தா சாமந்த்தை நாடினர். 1982 சனவரி 18ஆம் நாள் பொது வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் 2.5 இலட்சம் தொழிலாளர் பங்குகொண்டனர். கூலி உயர்வு, பதிலிகளை நிலைப்படுத்தல், 1946ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்குதல் ஆகியன கோரிக்கைகளுள் முதன்மையானவை. பிரதிநிதிச் சங்கம் அழைக்காத வேலைநிறுத்தம் ஆதலின் அது சட்டத்துக்குப் புறம்பானது எனக் கொள்ளப்பட்டது. அரசும் சாமந்த்துடன் உடன்பாடு காண முன்வரவில்லை. பல்லாயிரம் பேர் தம் ஊர்களுக்குத் திரும்பி நிலத்தையும் உறவினரையும் சார்ந்து ஓராண்டுக்கு மேல் தாக்குப்பிடித்தனர். முற்கூறிய இரட்டைப் பிணைப்பே இதற்குத் துணை நின்றது. அப்பிணைப்பு கடனிலும் நகை விற்பனையிலும் தேய்ந்த பின்னர், ஆலைகள் திறந்தபோது பலர்க்கு உள்ளே இடமில்லை. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை இழந்தனர். இவ்வேலைநிறுத்தம் முடிந்ததாக முறைப்படி என்றும் அறிவிக்கப்படவில்லை. சாமந்த் 1984இல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1997 சனவரி 16ஆம் நாள் கொலையுண்டார்.

ஆலைகளின் வீழ்ச்சிக்கு வேலைநிறுத்தமே காரணம் என்பது பொதுவாகக் கூறப்படும் கருத்து. ஆயின் பழைய எந்திரங்களைப் புதுப்பிக்காமை, பிவண்டி முதலிய இடங்களில் குறைந்த கூலியில் இயங்கிய விசைத்தறிகளுக்கு உற்பத்தி மாறியமை, செயற்கை இழைகளின் பரவல், ஆலை நிற்கும் நிலத்தின் விலை உயர்வு ஆகியன முன்னரே தொடங்கியிருந்தன. வேலைநிறுத்தம் இவற்றை விரைவுபடுத்தியது என்பதே பொருந்தும். அத்தகைய வேலைநிறுத்தம் நிகழாத அகமதாபாத்திலும் 1980களிலும் 1990களிலும் ஆலைகள் அடுத்தடுத்து நின்று, ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை இழந்தமை இதனை வலியுறுத்தும்.

5. சட்டத்தின் சொற்கள்

1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறுச் சட்டம் நான்கு நிலைகளை வேறுபடுத்தியது. முதலாளி தகராறின் பொருட்டு வாயிலை அடைப்பது கதவடைப்பு. நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் போன்றவற்றின் குறைவால் தற்காலிகமாக வேலை தர இயலாமை தொழிலாளர் வழக்கில் ‘லே-ஆப்’. மிகையான தொழிலாளரை நீக்குவது ஆட்குறைப்பு. நிறுவனத்தையே நிறுத்திவிடுவது மூடல். இவற்றுள் லே-ஆப்பும் ஆட்குறைப்பும் 1953இல் சேர்க்கப்பட்டன. ஆட்குறைப்புக்கு ஒரு மாத முன்னறிவிப்பும், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளமும் விதிக்கப்பட்டன.

ஆலை முழுவதும் மூடப்பட்டால் அது ஆட்குறைப்பு ஆகுமா என்னும் வினா உடனே எழுந்தது. பார்சி இலகு இரயில்வே நிறுவனத்தையும் பரோடாவின் தினேஷ் ஆலையையும் பற்றிய வழக்குகளில் 1956 நவம்பர் 27ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. ஆட்குறைப்பு எனும் சொல்லின் இயல்பான பொருள், தொடர்ந்து நடைபெறும் தொழிலில் மிகையானோரை நீக்குதல் என்பதே. தொழிலே இல்லாத இடத்தில் மிகை என்பது இல்லை. ஆகவே மூடலால் வெளியேறியோர்க்கு அந்த இழப்பீடு உரியதன்று என்பது தீர்ப்பின் சாரம். சிலரை நீக்கினால் இழப்பீடு உண்டு, அனைவரையும் நீக்கினால் இல்லை என்னும் நிலை உருவாயிற்று. 1957இல் சட்டம் திருத்தப்பட்டு, மூடலுக்கும் ஆட்குறைப்புக்கு நிகரான இழப்பீடு வகுக்கப்பட்டது. அத்திருத்தம் தீர்ப்புக்கு மறுநாளான 1956 நவம்பர் 28 முதல் செல்லுமாறு செய்யப்பட்டது. ஒரு சொல்லின் பொருள்வரம்பு உண்டாக்கிய இடைவெளியை நாடாளுமன்றம் நாள் கணக்கில் அடைத்த நிகழ்ச்சி இது. எனினும் முதலாளியின் ஆற்றலுக்கு அப்பாற்பட்ட, தவிர்க்க இயலாத சூழ்நிலையால் மூடப்பட்டிருப்பின் இழப்பீடு மூன்று மாதச் சராசரிச் சம்பளத்தை மிஞ்சாது என ஒரு விலக்கும் இருந்தது. பண நெருக்கடியும் சரக்குத் தேக்கமும் மட்டுமே அத்தகைய சூழ்நிலை ஆகா என விளக்கமும் சேர்க்கப்பட்டது.

தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்கு இங்குச் சிக்கல் ஒன்று உள்ளது. ‘ஆட்குறைப்பு’ என்னும் சொல்லில் குறைத்தபின் எஞ்சுவோர் உண்டு என்ற கருத்து அடங்கியுள்ளது. 1956ஆம் ஆண்டுத் தீர்ப்பின் பொருளுக்கு இது மிகப் பொருத்தமான ஆக்கம். ஆயின் 1976இலும், ஐந்து நீதிபதிகள் அமர்ந்த 1990ஆம் ஆண்டுத் தீர்ப்பிலும் உச்சநீதிமன்றம் இச்சொல்லை விரித்து, சட்டம் வெளிப்படையாக விலக்கியவை தவிர, எக்காரணத்தால் முதலாளி ஒருவரை நீக்கினும் அது இச்சொல்லுள் அடங்கும் என்றது. ஒரே ஒருவர் நீக்கப்பட்ட வழக்கிலும் ‘ஆட்குறைப்பு’ என எழுதும்போது தமிழ்ச்சொல் பழைய தீர்ப்பின் பொருளையும் சட்டம் புதிய தீர்ப்பின் பொருளையும் உணர்த்துகின்றன. சொல்லை மாற்றுவதைவிட, பொருள்விரிவை உரையில் விளக்குவதே பாதுகாப்பான வழி.

கதவடைப்புக்கும் மூடலுக்கும் உள்ள எல்லையும் பின்னரே தெளிவாக்கப்பட்டது. 1982இல் இயற்றப்பட்டு 1984 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த திருத்தம் ‘நிலையான மூடல்’ என மூடலுக்கு வரையறை தந்தது. கதவடைப்பின் வரையறையில் ‘தற்காலிக’ என்னும் அடையைச் சேர்த்தது. பெரிய ஆலைகளை மூட அரசின் முன்னனுமதி தேவை என்ற விதி 1976இல் 300 பேர்க்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு வகுக்கப்பட்டது. இத்திருத்தம் அவ்வெண்ணிக்கையை 100 ஆக்கியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2020ஆம் ஆண்டுத் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்தில் அது மீண்டும் 300 ஆகியுள்ளது.

6. பெயரில்லாத மூடல்

கிரண்காவின் ஆலைகள் பல இந்நான்கு பெயர்களுள் எதனையும் ஏற்காமல் நின்றன என்பதே இவ்வரலாற்றின் மையமான செய்தி. மூடலுக்கு அனுமதி வேண்டும். இழப்பீடும் தர வேண்டும். மின்கட்டணம் செலுத்தாமல் விட்டால் மின்சாரம் துண்டிக்கப்படும். எந்திரம் தானே நிற்கும். சட்டத்தின் கண்ணில் ஆலை மூடப்படவில்லை, தொழிலாளி நீக்கப்படவில்லை. அவர் பெயர் பதிவேட்டில் இருக்கும். சம்பளம் மட்டும் வராது.

இந்நிலையை மராத்தித் தொழிலாளர் பேச்சு ‘கிரணி பந்த் படலீ’ என்கிறது. ‘பந்த் கேலீ’ என்பது ‘மூடினார்’ எனச் செய்பவரை வேண்டும் செயப்படுபொருள் குன்றாவினை. ‘பந்த் படலீ’ என்பது ‘நின்றுபோயிற்று’ எனச் செய்பவரை வேண்டாத தன்வினை. இது மராத்தியில் எந்தப் பொறிக்கும் வழங்கும் இயல்பான தொடரே. யாரும் திட்டமிட்டு ஆக்கியதன்று. ஆயினும் செய்தவர் யார் எனக் காட்ட வேண்டிய வழக்குமன்றத்தில் இவ்வினை தொழிலாளிக்குத் துணை நிற்பதில்லை. இதனைத் தமிழில் ‘மூடப்பட்டது’ எனப் பெயர்த்தால் மூடியவர் ஒருவர் உளர் என்ற குறிப்பு வந்துவிடும். ‘மூடினார்கள்’ என்றால் குற்றச்சாட்டு ஆகிவிடும். ‘ஆலை நின்றுபோயிற்று’ என்பதே மூலத்துக்கு நெருக்கமானது. சான்றுரையை மொழிபெயர்ப்போர் வினையின் வகையைக் காப்பது நடையழகுக்காக அன்று. சொன்னவர் யார்மீது என்ன சொன்னார் என்பதைக் காப்பதற்காகவே.

‘நலிந்த ஆலை’ என்னும் தொடரும் இத்தகையதே. மராத்தியில் ‘ஆஜாரீ கிரணி’, அதாவது நோயுற்ற ஆலை. 1974இல் நாட்டில் 103 நலிந்த ஆலைகளை அரசுடைமையாக்கிய சட்டமும், நலிந்த தொழில் நிறுவனங்கள் பற்றிய 1985ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்வுருவகத்தை ஆட்சிமொழியில் நிலைநிறுத்தின. நோய்க்கு மருத்துவம் உண்டு, மரணம் உண்டு, குற்றவாளி இல்லை. ‘விருப்ப ஓய்வு’ என்பதில் ‘விருப்பம்’ எவருடையது என்னும் வினாவும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. ஆண்டுக்கணக்கில் சம்பளம் காணாதவர் கையொப்பமிடும் தாளுக்கும் அதுவே பெயர்.

7. மூடலுக்குப் பின்

வேலை இழந்தோர் காவலாளியாகவும், தெருவோர வணிகராகவும், விசைத்தறிக் கூலியாகவும் ஆயினர். மனைவியர் வீட்டுவேலைக்கும் துண்டுக்கூலிக்கும் சென்றனர். பிள்ளைகளின் படிப்பு தடைப்பட்டது. ‘பாளி’ என்னும் முறைக்கணக்கும், ஆலையின் ‘போங்கா’ ஒலியும் வகுத்த நாளின் ஒழுங்கு மறைந்தது. தமிழகத்து ஆலையூர்களில் ‘சங்கு’ எனப்பட்டது இதுவே. அது ஊதுவதைக் கொண்டு ஆலையில் வேலை செய்யாதோரும் பொழுதறிந்தனர். ஜயந்த் பவார் 1997இல் எழுதிய ‘அதாந்தர்’ என்னும் நாடகம் இத்தகைய ஒரு குடும்பத்தின் சிதைவைக் காட்டுகிறது. ஆலைத் தொழிலாளியால் வளர்க்கப்பட்ட கவிஞர் நாராயண் சுர்வே (1926-2010), ஷாகிர் அண்ணாபாவ் சாட்டே (1920-1969) ஆகியோர் வழியாக மராத்தி இலக்கியத்துக்குச் சொல் வழங்கிய சமூகம் இது.

1991ஆம் ஆண்டு நகர வளர்ச்சி விதி 58, ஆலைநிலத்தை விற்க இடமளித்து, அதில் மூன்றில் ஒரு பங்கு திறந்தவெளிக்கும், ஒரு பங்கு பொதுக் குடியிருப்புக்கும், ஒரு பங்கு உடைமையாளர்க்கும் என வகுத்தது. 2001இல் இது திருத்தப்பட்டு, பங்கீடு கட்டடமில்லாத காலிநிலத்துக்கு மட்டுமே உரியது என்றாயிற்று. ‘நிலம்’ என்பதற்கு ‘காலிநிலம்’ எனப் பொருள் குறுகியதும் பொதுப்பங்கு சுருங்கியது. இதனை எதிர்த்த வழக்கில் உச்சநீதிமன்றம் 2006 மார்ச்சில் திருத்தத்தை ஏற்றது. பீனிக்ஸ் ஆலை நின்ற இடத்தில் இன்று வணிக வளாகம் உள்ளது. லோயர் பரேல் கட்டட விளம்பரங்களில் ‘அப்பர் வொர்லி’ எனப் பெயர் மாறியது. ஆலையூரின் பெயரில் எஞ்சியிருந்த நினைவும் விற்பனைக்குத் தடையாகக் கருதப்பட்டது போலும்.

ஆலைநிலத்தில் எழும் வீடுகளைப் பெற உரியோர், மூடப்பட்ட 58 ஆலைகளில் 1982 சனவரி 1 அன்றோ அதன் பின்னரோ பணியாற்றிய தொழிலாளரும் அவர்தம் சட்டப்படியான வாரிசுகளும் என அரசு வரையறுத்தது. சுமார் 1.5 இலட்சம் பேர் விண்ணப்பித்தனர். 2012இல் நடந்த முதற் குலுக்கலுக்கு இருந்தவை 6,925 வீடுகள். சான்றாக டிக்கெட் எண், ‘லால் பாஸ்’ எனப்பட்ட சிவப்பு நுழைவுச்சீட்டு, வருகை அட்டை, வைப்புநிதி எண், தொழிலாளர் காப்பீட்டு எண் போன்றவை கேட்கப்பட்டன. ஆலையில் அன்றாட வழக்கிலிருந்த சொற்கள் முப்பது ஆண்டுகளுக்குப் பின் உரிமைச் சான்றுகளாக மீண்டன. தாள்களைக் காத்தவர் தொழிலாளி எனப்பட்டார். நிலையான சீட்டே பெறாத பதிலிக்கும், பட்டியலில் என்றும் இடம்பெறாத கானாவள் பெண்ணுக்கும் காட்டுவதற்கு ஏதுமில்லை.

8. முடிவுரை

நீரா அடார்க்கரும் மீனா மேனனும் கிரண்காவ் மக்களின் வாய்மொழி வரலாற்றைத் தொகுத்து 2004இல் நூலாக்கினர். அத்தகைய முயற்சிகள் இல்லையெனில் ஆலைகளின் வரலாறு சட்டச் சொற்களிலும் நில ஆவணங்களிலும் மட்டுமே எஞ்சியிருக்கும். பிறமொழித் தொழிலாளர் உரைகளைத் தமிழாக்குவோர் மூன்று செய்திகளைக் கருத்திற்கொள்வது நலம். முதலாவது, கதவடைப்பு, லே-ஆப், ஆட்குறைப்பு, மூடல் ஆகியன ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. ஒன்றுக்கு மற்றொன்றை இட்டால் ஒருவரின் உரிமையே மாறும். இரண்டாவது, பத்லி, கானாவள், பாளி, போங்கா போன்றவற்றுக்குத் தமிழகத்து ஆலைவழக்கில் நிகர்ச்சொற்கள் உள்ளனவா எனத் தேடிய பின்னரே புதுச்சொல் ஆக்குதல் வேண்டும். மூன்றாவது, வினைவடிவில் செய்பவர் மறைந்திருப்பின் அம்மறைவையும் உள்ளவாறே தருதல் வேண்டும். அது பேசியவரின் அறியாமை அன்று, அவர் கண்ட நிலை. ஆலையை நிறுத்தியவர் யார் என்பதற்கு விடை காண்பது வரலாற்றாசிரியரின் கடன். அவ்வினா எழுவதற்கு இடமளிக்கும் வகையில் சொற்களைக் காத்துத் தருவது மொழிபெயர்ப்பாளரின் கடன்.